வெரி குட்!

உபாத்தியாயர்களைப் பற்றி உலகத்தில் பல புகார்கள் உண்டு. பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்பது பழைய புகார். கண்டிப்பதே இல்லை என்பது புதிய புகார். பாடத்தை விட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள் என்பது எக்காலத்துக்கும் பொதுவான புகார். இவற்றுக்கெல்லாம் சமாதானம் சொல்லும் உத்தேசம் இப்போது எனக்கு இல்லை. இதுவரையில் யாரும் கொடுக்காத ஒரு புகாரை என் மேல் நானே கொடுத்துக்கொள்வதற்காகத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அது ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றியது.

வார்த்தை மிகவும் சாமானியமானது. மூன்று வயதுக் குழந்தை சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் தாயார் அதைச் சொல்லுகிறாள். கடைக்காரர் பாக்கியை எதிர்பாராமல் தீர்த்தவரிடம் சொல்லுகிறார். இங்கிலீஷில் வேறு ஒரு வார்த்தை தெரியாதவர்களுக்கும் அது தெரியும். "வெரி குட்" என்பதே அது. ஒரு வார்த்தை என்று சொன்னேனே தவிர, உண்மையில் இரண்டு. "குட்" என்பதோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. வழக்கெல்லாம் அதற்கு முன்னால் நிற்கும் "வெரி" என்பதோடுதான்.

நான் குடியிருப்பது செஞ்சியில். இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுப்பது மேல்மலையனூரில். அமாவாசை இரவுகளில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்காக மேல்மலையனூரில் கூடும் ஜனக்கூட்டத்தை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மாசி மாதத்து மயானக் கொள்ளை அதை விடப் பெரியது. மற்ற நாட்களில் அது மல்லாட்டைக் காடுகளுக்கும் கற்குன்றுகளுக்கும் நடுவே அமைதியாக இருக்கும் ஊர். தினந்தோறும் காலையில் செஞ்சியில் பஸ் ஏறும்போது ராஜகிரிக் கோட்டை என்னைப் பார்க்கும். நான் அதைப் பார்ப்பதில்லை. தினமும் கண்ணில் படுவதைப் பார்க்காமலிருக்கும் இந்தக் கெட்ட பழக்கம் கோட்டையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. என் கைக்கு வந்த நோட்டுப் புத்தகங்களுக்கும் அது பரவியிருந்தது.

நேயர்கள் ஒரு சிறு கணக்கைக் கேட்க வேண்டும். என்னிடம் நான்கு வகுப்புகள். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் 160 கட்டுரைகள் வந்து சேரும். ஒரு கட்டுரையைப் படித்துத் திருத்த மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 480 நிமிஷம். அதாவது எட்டு மணி நேரம். பாடம் நடத்தி, வருகைப் பதிவு செய்து, மேலிடத்தார் கேட்கும் விவரங்களையெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு அந்த எட்டு மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது? ஆகையால் அனுபவம் எனக்கு ஒரு யுக்தியைக் கற்றுக் கொடுத்தது. கட்டுரையின் தலைப்பைப் பார்ப்பேன்; கையெழுத்தைப் பார்ப்பேன்; பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். நிரம்பியிருந்தால் சிவப்பு மையில் "வெரி குட்". முக்கால் பக்கமானால் வெறும் "குட்". பத்து வினாடியில் காரியம் முடிந்துவிடும். இருபது வருஷங்களில் இப்படி எத்தனை ஆயிரம் "வெரி குட்"களை வாரி வழங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கர்ணனுக்குக்கூட அவ்வளவு தாராளம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இடையில் ஒரு தடவை எனக்குத் தேசாபிமானம் பொங்கிற்று. எங்கள் தமிழாசிரியர் நண்பர், "நம் பிள்ளைகளை மெச்சுவதற்குக்கூட அந்நிய பாஷையா, ஐயா? தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகப் பட்டது. செஞ்சிக் கடைத்தெருவில் "மிக நன்று" என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கிக்கொண்டேன். அதன் பலன் ஒன்றுதான்: பத்து வினாடி வேலை ஐந்து வினாடியில் முடிந்தது. ஒரு மாதத்தில் மைப்பெட்டி காய்ந்தது; நான் மறுபடியும் சிவப்பு மைக்கும் இங்கிலீஷுக்கும் திரும்பினேன். முத்திரை சுதேசியாக இருந்ததென்னவோ வாஸ்தவம். என்னுடைய அலட்சியம் எந்த தேசத்துச் சரக்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதக் காலையில், ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். பாடத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் அதிக நேரம் வீணாகும் என்பதைக் கண்டுபிடிப்பதில் அவன் நிபுணன். "ஸார், குட் என்றால் நல்லது. வெரி என்றால் என்ன?" என்றான்.

"மிக" என்றேன்.

"அது எங்கேயிருந்து வந்தது, ஸார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர் ஒருவர் "நாளைக்குச் சொல்கிறேன்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று இரவு மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டபடியாலும், கைக்கெட்டும் தூரத்தில் அகராதி இருந்தபடியாலும், புரட்டிப் பார்த்தேன். பார்த்தவன் நடுநிசி வரையில் அதை மூடவில்லை.

"வெரி" என்பது இங்கிலீஷ்காரர்களுடைய சொந்தச் சொல்லே அல்ல. லத்தீன் பாஷையில் "வேருஸ்" என்றால் மெய்யானது என்று அர்த்தம். அது பழைய பிரெஞ்சு பாஷையில் "வெராய்" என்று உருமாறி, பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர்களின் காலத்துக்குப் பிறகு, ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் குடிபுகுந்தது. 1400-ஆம் ஆண்டில் காலமான சாஸர் என்னும் கவி அதைப் பெயரடையாகவே பிரயோகித்திருக்கிறார். அவர் ஒரு வீரனை "வெரி" என்று சொன்னால் அவன் உண்மையான வீரன், வேஷக்காரன் அல்ல என்று பொருள். "மிகுதி" என்னும் அர்த்தம் அதற்குப் பிற்பாடுதான் நிலைத்தது. அதற்கு முன்னால் மிகுதியைச் சொல்ல இங்கிலீஷ்காரர்கள் "ஃபுல்", "ரைட்" முதலிய சொற்களைக் கையாண்டு வந்தார்கள். மெய்யாகவே நல்லது, மெய்யாகவே பெரியது என்று சொல்லிச் சொல்லி, நாளடைவில் மெய் தேய்ந்து போய், மிகுதி மாத்திரம் மிஞ்சி நின்றது.

இந்தக் குடும்பத்தில் வேறு சில சொற்கள் இன்னும் தங்கள் குலப்பெருமையை இழக்காமல் இருக்கின்றன. நியாயஸ்தலத்தில் தீர்ப்பைக் குறிக்கும் "வெர்டிக்ட்" என்பதற்கு மெய்யாகச் சொல்லப்பட்டது என்பதே நேரான பொருள். "வெரிஃபை" என்றால் மெய்ப்படுத்துவது, சரிபார்ப்பது. 1611-ஆம் ஆண்டில் வெளியான இங்கிலீஷ் பைபிளில் அடிக்கடி வரும் "வெரிலி" என்பதும் இதன் பிள்ளையே. தமிழில் அதை "மெய்யாகவே" என்று மொழிபெயர்த்தார்கள். அண்ணன் தம்பிகள் நியாயஸ்தலத்திலும் வேதத்திலும் உட்கார்ந்திருக்க, "வெரி" ஒன்று மட்டும் சந்தைக்கு வந்து, காபிக்கும் சினிமாவுக்கும் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பிழைத்து வருகிறது.

"வெல் டன்" என்பதையும் விட்டேனா? அதிலுள்ள "வெல்", விரும்புதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததாம். மனம் விரும்பியபடி செய்தாய் என்பதே அதன் ஆதிப் பொருள். நாடகக் கொட்டகைகளில் முழங்கும் "பிராவோ" இத்தாலியச் சொல். இத்தாலியர்கள் ஆணுக்கு "பிராவோ", பெண்ணுக்கு "பிராவா", பலருக்கு "பிராவி" என்று இலக்கண சுத்தமாக மெச்சுவார்கள். இங்கிலீஷ்காரர்களோ எல்லாருக்கும் சேர்த்து ஒரே "பிராவோ"வை வைத்துக்கொண்டார்கள். அதே சொல்லுக்குக் கூலிக்குக் கொலை செய்பவன் என்றும் இங்கிலீஷில் ஒரு பொருள் உண்டு. ஆகவே பாடகரைப் பார்த்து அப்படிக் கத்துவதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது!

இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் வெகு உற்சாகமாகச் சொன்னேன். கடைசி பெஞ்சிப் பையன் ஒரு மணி நேரத்தை வீணாக்கிய திருப்தியில் இருந்தான். உண்மையில் அன்று வீணாகாத மணி அது ஒன்றுதான். "அப்படியானால் சபாஷ்?" என்று ஒருவன் கேட்டான். "பலே?" என்று இன்னொருவன் கேட்டான். நான் ஜன்னல் வழியாகச் செஞ்சி இருக்கும் திசையைக் காட்டினேன்.

சபாஷ் என்பது பாரசீகச் சொல். "ஷாத்" என்றால் மகிழ்ச்சி, "பாஷ்" என்றால் இரு. "மகிழ்ந்திரு" என்பது பொருள். 1886-ல் யூல், பர்னெல் என்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள், இந்தியாவில் இங்கிலீஷோடு கலந்துவிட்ட நாட்டுச் சொற்களுக்கு "ஹாப்ஸன் ஜாப்ஸன்" என்று ஓர் அகராதி வெளியிட்டார்கள். அதில் சபாஷ் என்பதற்கு "நீ அரசனாவாய்" என்று அர்த்தம் சொல்லியிருந்தார்கள். 1903-ல் வந்த பதிப்பில் குரூக் என்பவர் அதைத் திருத்தி மகிழ்ச்சிக்கு மாற்றினார். பேஷ் என்பதும் பாரசீகமே. "அதிகம், மேலும்" என்று பொருள். பலே என்பது மராத்தி, தெலுங்கு முதலிய பாஷைகளில் வழங்குவது. "பத்ர" என்ற வடசொல்லின் திரிபு என்பர். இவையெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமத்தான் வாயில் எப்படி வந்து ஏறின என்பதற்குச் செஞ்சிக் கோட்டையை விடச் சிறந்த பாடப் புத்தகம் வேண்டியதில்லை. செஞ்சி நாயக்கர்களுக்குப் பிறகு பீஜப்பூர்ப் படை வந்தது. 1677-ல் சிவாஜி வந்தார். அவருடைய குமாரர் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் பல வருஷங்கள் முற்றுகையிட்டு 1698-ல் கோட்டையைப் பிடித்தார். பிறகு பண்டேலர்கள், 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது இளவயதிலேயே மாண்ட தேசிங்குராஜன் அந்த வம்சத்தவன். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் இங்கிலீஷ்காரர்கள். இத்தனை பேரும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பீரங்கியும் குதிரைலாயமும் களஞ்சியமும் மலையில் கிடக்கின்றன. அவர்கள் பேசிய பாஷைகளின் மெச்சுமொழிகள் மட்டும் நம் நாக்கில் இருக்கின்றன. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, அவற்றில் தமிழ்நாட்டுக்கு உரியது செஞ்சி ஒன்றே. அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் ஊரார் சொன்ன முதல் வார்த்தையும் "சபாஷ்" என்பதுதான்!

தமிழுக்கு வருவோம். நம் இலக்கணத்தில் மிகுதியைக் குறிக்கச் சால, தவ, நனி என்று உரிச்சொற்கள் உண்டு. பேச்சு வழக்கில் "ரொம்ப" என்கிறோமே, அது "நிரம்ப" என்பதன் திரிபு. குடம் நிரம்புகிற நிரம்ப. ஆகத் தமிழன் ஒன்றை மெச்சும்போது அளவைச் சொன்னான். பாத்திரம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னான். இங்கிலீஷ்காரனோ, ஆதியில், சத்தியம் செய்து மெச்சினான். இரண்டு முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. குடத்துக்குள் எட்டிப் பார்க்காமல் நிரம்பியிருக்கிறது என்று சொல்ல முடியாது. பார்க்காத பொருளின் மேல் சத்தியமும் செய்ய முடியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தையும் வகுப்பில் நானே சொன்னேன். வெகு அழகாக அமைந்துவிட்டதென்று மனத்துக்குள் எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன். மணி அடித்தது.

பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடிய பிறகு மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒரு பெண் மட்டும் மேஜைக்கு வந்தாள். வகுப்பில் வாய் திறவாத பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பக்கம் எப்போதும் நிரம்பியிருக்கும். ஆகவே என் கணக்கில் அவள் நிரந்தர "வெரி குட்". தன்னுடைய கட்டுரை நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தாள். மூன்று வாரங்களுக்கு முன், கார்த்திகையில் எழுதிய கட்டுரை அது. "பொங்கல் விடுமுறையை நான் கழிக்கப் போகும் விதம்" என்பது நான் கொடுத்திருந்த தலைப்பு.

முதல் பாராவில் கோலம், கரும்பு, மாட்டுக்கொம்புக்கு வர்ணம் பூசுவது எல்லாம் இருந்தன. இரண்டாவது பாராவில், அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில், பின்வரும் கருத்துள்ள நான்கு வரிகள் இருந்தன: பொங்கலுக்குப் பிறகு நாங்கள் செங்கல் சூளைக்குப் போகிறோம். இந்த வருஷம் நானும் வேலைக்குப் போகிறேன். அதனால் இனி நான் பள்ளிக்கூடம் வர மாட்டேன். இதுதான் என் கடைசிக் கட்டுரையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நான்கு வரிகளில் மூன்று இலக்கணப் பிழைகள் இருந்தன. ஒன்றையும் நான் வட்டமிடவில்லை. அதற்குக் கீழே, என்னுடைய கையெழுத்தில், சிவப்பு மையில், அழகாகச் சாய்த்து எழுதியிருந்தது: "வெரி குட்."

அந்தப் பெண் என்னைக் குற்றம் சாட்டவில்லை. "இது எந்த அர்த்தம், ஸார்?" என்று மட்டும் கேட்டாள். பழைய அர்த்தமா, புதிய அர்த்தமா என்பது அவளுடைய கேள்வி. கேலியாகக் கேட்டாளா, உண்மையான சந்தேகமாகக் கேட்டாளா என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லக்கூட நா எழவில்லை.

அன்று மாலை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறவில்லை. அவளுடைய கிராமம் நடந்து போகும் தூரந்தான். தகப்பனார் திண்ணையில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். உபாத்தியாயரைக் கண்டதும் எழுந்து, "வாங்க ஸார், குந்துங்க" என்று துண்டால் திண்ணையைத் தட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆறு வயதிலிருந்து பதினான்கு வரையில் படிப்பு பிள்ளைகளின் உரிமை என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் இருப்பதை எடுத்துச் சொன்னேன். பன்னிரண்டாவது தேறிக் கல்லூரிக்குப் போகும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-லிருந்து நடப்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சூளை புதிதல்ல. விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து வருஷந்தோறும் தை பிறந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி முன்னாலேயே வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டில் வேலை செய்யக்கூடிய கைகள் எத்தனை என்பதைப் பொறுத்து முன்பணம். பிறகு ஆனி மாதம் வரையில் மண் குழைத்து, கல் அறுத்து, காய வைத்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அந்தப் பணம் கழியும். கல்லைப் புரட்டி வைப்பதற்கும் அடுக்குவதற்கும் பிள்ளைகளின் கை உதவும்.

அந்த மனிதர் மண்வெட்டிப் பிடியைக் கீழே வைத்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு பத்து நாளு முன்னாடி வந்திருந்தீங்கன்னா, ஸார், ரெண்டு கைக்கு மட்டும் வாங்கியிருப்பேன். இப்ப மூணு கைக்கு வாங்கிட்டேன். ஆயாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அதுல போயிடுச்சு" என்றார்.

பத்து நாள்! அந்தக் கட்டுரை என் மேஜைக்கு வந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது.

நான் அந்தப் பங்கை என் கையிலிருந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். உள்ளே போய் மனைவியோடும் வயதான தாயாரோடும் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது முடிவு செய்திருந்தார். பெண் ஆயாவோடு ஊரிலேயே இருந்து படிப்பாள். குறைகிற பணத்தை அடுத்த வருஷத் தையில் மறுபடியும் சூளைக்குப் போய்க் கழித்துவிடுவதாக மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்வார். "வர்ற வருஷம் போகக் கூடாது, இங்கியே ரெண்டு காணி குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடணும்னு இருந்தேன். அதுக்கு என்ன, இன்னொரு வருஷம்" என்றார்.

நான் மறுபடியும் பணப் பேச்சை எடுத்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும் வரையில் மறக்க முடியாது.

"பணமெல்லாம் வாணாம், ஸார். எம்மாம் பிள்ளைங்க எழுதுறாங்க! அதுல எம் பொண்ணு எழுதினதப் படிச்சுட்டு இம்மாந் தூரம் நடந்து வந்தீங்களே, அது போதும்."

அந்தப் பெண் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்காத கட்டுரைகளுக்கு இருபது வருஷமாக நான் வழங்கி வந்த பாராட்டில் ஒன்று அன்று திரும்பி என்னிடமே வந்து சேர்ந்தது. அதை மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருட்டில் நடந்து வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது ஏனோ மாசித் திருவிழாவில் பார்த்த ஒரு தெருக்கூத்து ஞாபகத்துக்கு வந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து விடியற்காலம் வரை நடந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுநிசிக்கு என்ன பாட்டு வந்தது, மூன்று மணிக்கு எந்த அடவு தவறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் இரண்டு தடவை தூங்கி விழுந்து, கண் விழித்தபோதெல்லாம் கைதட்டினேன். அவர் இரவு முழுவதும் வாய் திறக்கவில்லை. கிழக்கு வெளுக்கும் சமயத்தில், வேஷக்காரர் ஒரே ஓர் அடியை நீட்டிப் பாடி நிறுத்தியபோது, "பலே" என்றார், ஒரே ஒரு தரம், மெதுவாக. வேஷக்காரர் அந்தக் கூட்டத்தில் அவர் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். என்னுடைய கைதட்டலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பாஷை எதுவானால் என்ன? அந்த "பலே" மராத்தியர் கொண்டு வந்ததாகவே இருக்கட்டும். அன்று இரவு அது மேல்மலையனூர்ச் சரக்கு. விழித்திருந்து சம்பாதித்த சரக்கு.

அன்றிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். எட்டு மணி நேரம் என்பது இப்போதும் எட்டு மணி நேரந்தான். அதைச் சுருக்கும் வித்தை எனக்கு வசப்படவில்லை. ஆகையால் வாரம் 160 கட்டுரை என்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு வகுப்பு, நாற்பது கட்டுரை என்று வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு கட்டுரைதான் ஆகிறது. எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி மேலிடத்தில் என்னைக் கேட்டார்கள். சமாதானம் எழுதிக் கொடுத்தேன். இப்போது நாற்பதையும் படிக்கிறேன். கீழே ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் "படித்தேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுகிறேன். எதாவது ஒரு வரி நன்றாக இருந்தால் அந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடு போடுகிறேன். "வெரி குட்" மாதத்தில் ஒன்றோ இரண்டோ விழுகிறது. ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஒரு தாயார் நேரிலேயே வந்து, "முன்னெல்லாம் நல்லா எழுதிக்கிட்டிருந்தானே, ஸார், இப்ப என்ன ஆச்சு?" என்று கவலையோடு விசாரித்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அந்தப் பெண்ணின் பெற்றோர் தை மூன்றாம் வாரம் சூளைக்குப் போனார்கள். அவள் விடியற்காலையில் எழுந்து ஆயாவுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, சில நாட்களில் முதல் மணி தாண்டியே வந்து சேர்ந்தாள். அந்த வருஷம் பங்குனியில் அவளுடைய வகுப்புக் கட்டுரைகள் என் முறைக்கு வந்தன. இந்தத் தடவை தலைப்பு நான் கொடுக்கவில்லை. அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தேன். அவள் செங்கல் சூளையைப் பற்றி எழுதியிருந்தாள். சிறு குழந்தையாக அப்பாவோடு போயிருந்தபோது, பச்சைக் கல்லின் மேல் தன் கால் பட்டுப் பதிந்துவிட்டதையும், அந்தக் கல் சூளையில் வெந்து லாரியில் ஏறிப் போனதையும், யார் வீட்டுச் சுவரிலோ தன் ஐந்து விரலும் இருக்கும் என்பதையும் எழுதியிருந்தாள்.

அதை மூன்று தடவை படித்தேன். இரண்டு இடத்தில் வினைச்சொல் காலம் தவறியிருந்தது. ஓர் இடத்தில் எழுத்துப் பிழை. மூன்றையும் வட்டமிட்டேன். பிறகு சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தயங்கினேன். கடைசியில் பழைய வார்த்தையையே எழுதினேன்.

மறுநாள் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். அடியில் இருந்த பாராட்டை அவள் முதலில் பார்க்கவில்லை. மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்து, முதல் வட்டத்தில் நிறுத்தினாள், இரண்டாவதில் நிறுத்தினாள், மூன்றாவதிலும் நிறுத்தினாள். பிறகுதான் கீழே பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண், "மூணு தப்புடீ!" என்று அனுதாபத்தோடு சொன்னாள்.

"ஆமாம், முழுக்கப் படிச்சிருக்காரு" என்றாள் அவள்.